பலகைக்கு அடியில்தான் ரயில் ஓடுகிறது

மாதிரி ரயில் என்றதும் எல்லோருக்கும் என்ஜின்தான் ஞாபகம் வரும். எங்கள் சங்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை மாலையில் முதல் தடவை வருகிறவர் கண்ணில் படுவதோ கால்கள். கூடம் நெடுக இடுப்பு உயரத்தில் போட்டிருக்கும் மரப்பலகைகளுக்கு அடியிலிருந்து நாலைந்து ஜோடி ஷூக்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒருவர் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஒயர் இழுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் மல்டிமீட்டர் முனையை எங்கேயோ பிடித்தபடி “இப்போ?” என்பார். மேலே நிற்பவர் “இன்னும் இல்லை” என்பார். என்ஜின்களெல்லாம் அந்நேரம் அலமாரியில் பெட்டிக்குள் இருக்கும். வந்தவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எப்போது ஓட்டுவீர்கள்?” என்று கேட்பார். ஓட்டுவது மாதத்தின் கடைசிச் செவ்வாய். மற்ற வாரங்கள் முழுக்க, அந்த ஒரு நாள் ஒழுங்காக ஓடுவதற்கான வேலை.

நான் சிக்னல்காரன். தெற்கு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் தொழில் பழகி, பிறகு இங்கிலாந்தில் சிக்னல் சோதனை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். நடு இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். சர்ச்சுக்குச் சொந்தமான பழைய செங்கல் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது எங்கள் சங்கம். தொலைபேசி இலாகாவில் இணைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பஸ் ஓட்டுநர், பல் டாக்டர், பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்த அம்மா ஒருவர், பள்ளிப் பையன்கள் இருவர், நான். ரயிலில் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். இங்கே அது வழக்கத்துக்கு மாறானதல்ல. ரயில்வேக்காரர்களைவிட மற்றவர்கள்தான் இதில் அதிகம்.

இந்த நாட்டில் இது பழைய பழக்கம். லண்டனில் 1910-இல் தொடங்கிய மாடல் ரயில்வே கிளப் இன்றும் நடக்கிறது. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கீன் ஹவுஸ் என்று சொந்தக் கட்டடமே அவர்களுக்கு உண்டு. ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டர் என்ற அளவில், கிங்ஸ் கிராஸுக்கு வடக்கே உள்ள லண்டனையே அவர்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்று பெயர். தலைமுறை தாண்டிய வேலை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-இல் தொடங்கிய சங்கத்தின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே ஒரு கூட்டம் மேலே வண்டிகளுக்கும் மலைகளுக்கும் வர்ணம் அடித்துக்கொண்டிருக்க, ‘சிக்னல்ஸ் அண்ட் பவர்’ குழு பலகைக்குக் கீழே கிடந்து, தொலைபேசி நிலையத்து ரிலேக்களையும் சுவிட்சுகளையும் கொண்டு இணைப்பு மேல் இணைப்பாகப் பின்னியது. கணினி உலகத்தில் ‘ஹேக்கர்’ என்ற பெயரை முதலில் சுமந்தவர்கள் அந்தக் கும்பல்தான். பலகைக்கு அடியில் போனவன் எங்கே போய் வெளியே வருவான் என்று சொல்ல முடியாது.

மாலை ஏழு மணிக்குப் பூட்டைத் திறந்ததும் ஹீட்டரைப் போடுவோம், தூசிக்குப் போர்த்திய துணிகளை மடிப்போம், தண்டவாளம் துடைப்போம். துடைப்பது யார் கண்ணுக்கும் வேலையாகப் படாது. ஆனால் மாதிரி ரயிலில் பாதி நோய் அழுக்கில் இருந்து வருகிறது. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு ஏறுவது ஊசிமுனை அளவு இடத்தில். சக்கரம் தொட்டு விலகும்போதெல்லாம் பொடிப் பொறி எழும். பொறி கறுப்புப் படலமாகப் படியும். படலத்தின் மேல் தூசியும் எண்ணெயும் சேரும். என்ஜின் திக்கும், விக்கும், கடைசியில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் உரசித் தேய்க்கும் ரப்பர் கட்டையைக் கையில் எடுப்பார்கள். அதைக் கீழே வைக்கச் சொல்வேன். தேய்த்தால் தண்டவாளம் அப்போதைக்கு மின்னும். அந்தக் கீறல்களுக்குள்ளேயே அடுத்த வாரத்து அழுக்கு போய் உட்காரும். பஞ்சில்லாத துணியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒரே திசையில், அழுத்தாமல் துடைக்க வேண்டும். அதோடு சக்கரங்களையும் துடைக்க வேண்டும். அழுக்குச் சக்கரத்தைச் சுத்தமான தண்டவாளத்தில் விட்டால் ஒரு சுற்றுக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எங்கள் பெரிய லேஅவுட் ஓஓ அளவு. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது 76-இல் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். கூடத்தின் நீளம் அதற்கும் குறைவு. ஆகவே எந்த மாதிரி ரயிலும் சுருக்கி எழுதிய கதைதான்: எதை விடுவது, எதை வைப்பது என்பதில்தான் கட்டுகிறவரின் அறிவு தெரியும். கடைப் பெட்டியில் வரும் சிறிய வளைவுத் தண்டவாளம் 438 மில்லிமீட்டர் ஆரம் உள்ளது. பெருக்கிப் பார்த்தால் 33 மீட்டர் வரும். நம் ஊர் அகல ரயில் பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்து வளைக்க விதி இடம் தராது. அதனால் எங்கள் முகப்புப் பகுதியில் பெரிய வளைவுகளை மட்டும் வைத்துவிட்டு, கூர்வளைவுகளைப் பின்னால் மறைவில் வைத்திருக்கிறோம்.

வேகமும் அப்படித்தான். மணிக்கு 60 மைல் என்பது இந்த அளவில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர். சரக்கு வண்டி 20 மைலில் போனால் விநாடிக்கு 12 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. முதல் தடவை ஓட்டுகிறவர் யாரும் இவ்வளவு மெதுவாக ஓட்ட மாட்டார். மெதுவாக ஓட்டினால்தான் தண்டவாளத்தின் குறை ஒவ்வொன்றும் வெளியே வரும் என்பதால் நான் அதை வற்புறுத்துவேன். வேகமாகப் போகும் வண்டி கெட்ட இணைப்பைத் தாண்டிக் குதித்துவிடும். ஊர்ந்து போகும் வண்டி அங்கேயே நின்று காட்டிக்கொடுக்கும்.

ஓஓ-வில் ஒரு பிறவிக் கோணல் உண்டு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இந்த நாட்டு ரயில் பாதை 4 அடி எட்டரை அங்குலம். 4 மில்லிமீட்டர் கணக்கில் 18.83 இருக்க வேண்டும். பிரிட்டிஷ் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிட ஒல்லி, அந்த 16.5-க்குப் பொருந்தும்படி அடிக்கு 3.5 மில்லிமீட்டர் கணக்கில் உடலைச் செய்தால் அன்றைய மோட்டார் உள்ளே போகவில்லை. உடலை மட்டும் 4 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, பாதையை இருந்தபடியே விட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. இதைச் சகிக்க முடியாதவர்கள் 18.2-க்குப் போனார்கள்; அதற்கும் திருப்திப்படாதவர்கள் 18.83-க்கே போய், சக்கரத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்கிறார்கள். எட்டரை மணித் தேநீர் நேரத்தில் எங்கள் கூடத்தில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதைப் பற்றியது. பொருளாளர் நோட்டோடு சந்தா வாங்கிக்கொண்டு வரும் வரை நீளும்.

ஒயரிங் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பலகைக்கு அடியில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை இரண்டு தடித்த ஒயர்கள் ஓடும், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் பலகையைத் துளைத்துக் கீழே இறங்கி அதோடு சேரும். ‘டிராப்பர்’ என்போம். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் ஃபிஷ் பிளேட் மின்சாரத்தையும் கடத்துமே என்று சிலர் டிராப்பரை விட்டுவிடுவார்கள். கடத்தும், வர்ணம் அடித்து ஜல்லி ஒட்டும் வரை. ஜல்லி ஒட்டுவது தண்ணீர் கலந்த பசையால். அந்த ஈரம் ஃபிஷ் பிளேட்டுக்குள் போய்க் காய்ந்துவிட்டால் தொடர்பு போனது போனதுதான். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிராப்பர். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

பள்ளிப் பையன்களில் ஒருவனுக்கு டிராப்பர் பற்ற வைக்கக் கற்றுக்கொடுத்தேன். தண்டவாளத்தின் வெளிப்பக்க இடுப்பை ஃபைபர் பிரஷ்ஷால் தேய்த்து மினுக்க வேண்டும். ஒயர் முனையை எல் வடிவில் மடித்து, அதில் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்து ஸ்லீப்பர்களும் பிளாஸ்டிக் என்பதால் அவற்றின் மேல் ஈரப்பஞ்சு. ஃபிளக்ஸ் ஒரு பொட்டு. பிறகு அயர்னை வைத்து இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஈயம் உருகி, கோயில் விளக்கில் எண்ணெய் திரியேறுகிற மாதிரி, ஒயருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தானாக ஏறும். ஏறினால் சரி. உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை, எடுத்துவிட்டு மறுபடி. பையன் முதல் சில வாரங்கள் உருண்டை உருண்டையாகப் போட்டான். ஒரு மாலையில் திடீரென்று கை பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு யாரிடமும் அயர்னைக் கொடுக்கவில்லை. இப்போது எங்கள் கூடத்தில் அவன் வைத்த டிராப்பர்களே அதிகம். ஒன்றைக்கூட நான் திரும்பப் பார்ப்பதில்லை.

புதுப் பகுதிக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் காசுச் சோதனை. இப்போது எங்கள் வண்டிகள் டி.சி.சி. முறையில் ஓடுகின்றன: தண்டவாளம் முழுக்க எப்போதும் மின்சாரம் இருக்கும், எந்த என்ஜின் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையும் அதிலேயே போகும், என்ஜினுக்குள் இருக்கும் சிப் தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் பின்னால் 5 ஆம்பியர் காத்திருக்கிறது. ஷார்ட் ஆனால் உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் சக்கரமும் ஸ்லீப்பரும் உருகும். அதனால் இரண்டு பென்ஸ் காசைத் தண்டவாளத்தின் குறுக்கே வைப்போம். மின்சாரம் கொடுக்கும் கருவி ‘டிக்’ என்று அணைந்தால் அந்த இடத்தில் ஒயர் போதுமான தடிமன். ஒரு சாண் தள்ளி வை, மறுபடி டிக். கூடம் நெடுக இப்படி. அணையத் தயங்கும் இடம் எதுவோ அங்கே இன்னொரு டிராப்பர்.

போன குளிர்காலத்தில் வந்த கோளாறு என் தொழிலுக்கே உரியது. ஏழு மணிக்கு எல்லாம் சரியாக ஓடும். எட்டரைக்கு மேல், மேற்குப் பக்கத்தில் பாதை பிரியும் பாயிண்டைக் கிளைப் பாதைக்குத் திருப்பினால் மொத்த லேஅவுட்டும் அணைந்துவிடும். நேர்ப்பாதைக்கு வைத்தால் ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் ஏழு மணிக்கு மறுபடி சரியாக இருக்கும். பாயிண்ட் மோட்டாரை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், என்ஜினைச் சந்தேகித்தார்கள். எனக்கு நேரம்தான் உறுத்தியது. ஏன் எட்டரை? அந்நேரத்துக்குள் ஹீட்டர் கூடத்தை நன்றாகச் சூடாக்கியிருக்கும்.

நம் ஊரில் டிராக் சர்க்யூட், அதாவது தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தைக் கொண்டு வண்டி நிற்கிறதா என்று அறியும் ஏற்பாடு, பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மின்சாரம் போகாமல் வைக்கும் இன்சுலேட்டட் ஜாயிண்டில், சக்கரம் ஏறி ஏறித் தண்டவாள முனை நசுங்கி உதடாக நீளும். அந்த உதடு எதிர்முனையைத் தொட்டால், வண்டியே இல்லாத இடத்தில் வண்டி நிற்பதாகச் சிக்னல் சிவப்பு காட்டும். மாதிரியிலும், இரண்டு பாதைகளின் உள் தண்டவாளங்கள் சந்திக்கும் பாயிண்டின் மூக்குக்கு அப்பால் தண்டவாளத்தை அறுத்து ஓர் இடைவெளி விட வேண்டும். ஏனென்றால் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப மூக்கின் மின்முனை மாறும். முன்னொரு காலத்தில் யாரோ மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிட்டு, இடைவெளியை வெறுமனே விட்டிருந்தார்கள். ஒரு மீட்டர் தண்டவாளம் 10 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீளும். கூடவே ஹீட்டர் வெப்பத்தில் ஈரம் வற்றிப் பலகையும் சுருங்கும். இரண்டும் சேர்ந்து இடைவெளியை மூடிவிட்டன. நேர்ப்பாதைப் பக்கத்து வெட்டு மூடியதால், பாயிண்ட் கிளைக்குத் திரும்பி மூக்கு மின்முனை மாறும் கணத்தில் ஷார்ட்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வெட்டு இருந்த இடம் மயிரிழைக் கோடாகத் தெரிந்தது. மறுபடி அறுத்து, அதில் பிளாஸ்டிக் தகட்டுத் துண்டைப் பசையோடு செருகி, காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்கே அரத்தால் ராவினேன். பிறகு கூடத்திலுள்ள வெட்டுகள் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம் செய்ய ஒரு மாத காலம் ஆனது. தொலைபேசி இலாகா நண்பர் ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து வரைபடத்தில் குறித்துவைத்தார். அந்த வரைபடம் இப்போது கூடத்துச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. எங்கள் சங்கத்தில் இருப்பதிலேயே மதிப்புள்ள பொருள் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

கடைசிச் செவ்வாய் ஓட்டும் நாள். வட்டமாகச் சுற்ற விட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் வழக்கமல்ல. கூடத்தின் இரண்டு முனையிலும் இரண்டு கேபின். ஒவ்வொன்றிலும் லீவர் வரிசை: நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, டிஸ்டண்டுக்கு மஞ்சள், பாயிண்டுக்குக் கறுப்பு, பாயிண்ட் பூட்டுக்கு நீலம். கேபின்களுக்கு நடுவே மணி. ஒருவர் மற்றவரைப் பார்க்கக் கூடாது என்று நடுவில் ஒரு தடுப்பும் உண்டு. ஒரு மணி அடித்துக் கவனத்தைக் கூப்பிட வேண்டும். அடுத்தவர் அதையே திருப்பி அடிப்பார். நாலு அடித்தால் ‘எக்ஸ்பிரஸ் வருகிறது, வாங்குகிறாயா?’. பாதை காலியாக இருந்தால்தான் நாலைத் திருப்பி அடிப்பார். வண்டி புறப்பட்டதும் இரண்டு. போய்ச் சேர்ந்ததும் எதிர்க் கேபினிலிருந்து இரண்டும் ஒன்றும். அந்த ‘இரண்டும் ஒன்றும்’ அடிப்பதற்கு முன் கடைசிப் பெட்டியின் வால்விளக்கைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நம் ஊரில் கடைசிப் பெட்டியில் மாட்டும் எல்.வி. பலகையைப் பார்ப்பது எதற்கோ இதுவும் அதற்கே: வண்டி முழுசாக வந்ததா, பாதி வழியில் கழன்று நிற்கிறதா என்று தெரிய. எங்கள் கூடத்தில் வால்விளக்கு இல்லாத வண்டி பாதையில் ஏறாது.

நம் ரயில்வேயின் மணிக்கணக்கு வேறு. அங்கே இரண்டு என்றால் லைன் கிளியர் கேட்பது, மூன்று என்றால் வண்டி புறப்பட்டது. ஆனால் ஆறு அடித்தால் இரண்டு நாட்டிலும் ஒரே பொருள்: பாதையில் தடை, அபாயம், எதையும் அனுப்பாதே. மாதிரிக் கூடத்தில்கூட அந்த ஆறு அடி கேட்டால் என் கை தானாக லீவருக்குப் போகும்.

லீவர்களுக்கு இண்டர்லாக்கிங்கும் செய்திருக்கிறோம். பாயிண்ட் சரியாக அமராமல் சிக்னலை இழுக்க முடியாது. எதிரெதிர்ப் பாதைகளுக்கு ஒரே நேரத்தில் வழி கொடுக்க முடியாது. ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் 1856-இல் காப்புரிமை பெற்ற வேலை இது. 1889 ஜூன் 12-இல் அயர்லாந்தில் ஆர்மா ஊருக்கு அருகே ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப்போன உல்லாச வண்டி ஏற்றத்தில் நின்றுபோனது. வண்டியை இரண்டாகக் கழற்றியபோது பின்பாதி உருண்டு போய், பின்னால் வந்த வண்டியில் மோதியது. 80 பேர் போனார்கள். ஒரு பகுதியில் ஒரே வண்டி என்ற பிளாக் முறை, இண்டர்லாக்கிங், பயணி வண்டிகளுக்குத் தானியங்கி பிரேக் மூன்றும் இந்த நாட்டில் சட்டமானது அந்த வருஷத்திலேயே. பித்தளைப் பட்டையில் பள்ளம் ராவி லாக்கிங் செய்ய வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். எதற்காக ராவுகிறோம் என்று தெரிந்தால் பள்ளம் சரியான ஆழத்தில் விழும்.

கேபினுக்குக் கேபின் மணியடித்து வண்டி அனுப்பும் முறையை மாதிரி ரயிலில் முழுசாகக் கொண்டுவந்தவர்களில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் முன்னோடி. அவருடைய பக்கிங்ஹாம் லேஅவுட்டில் மகன் ஒரு கேபினில் உட்கார்ந்து ஓட்டுவான். மகன் இல்லாத நாட்களுக்காக, மணியைக் கேட்டுப் பதில் மணி அடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து அதற்கு ‘ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்’ என்று மகன் பெயரையே வைத்தார்.

சங்க வேலைக்கு நடுவே எனக்கென்று ஒரு சின்னப் பலகை வளர்கிறது. நம் ஊர் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். 4 மில்லிமீட்டர் கணக்கில் 22 வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைக்காது. ஆனால் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று கணக்கை மாற்றினால் ஐந்தரை மும்மடங்கு பதினாறரை. ஓஓ-வுக்கு விற்கிற அதே 16.5 தண்டவாளம்! பிரிட்டிஷ் ரயிலுக்கு எப்போதும் ஒடுங்கலாக இருக்கும் அந்தப் பாதை, நம் ரயிலுக்கு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்துகிறது. ஐ.சி.எஃப். பெட்டி 21 சென்டிமீட்டர் நீளம் வருகிறது. ஸ்லீப்பர் அகலமும் இடைவெளியும் மட்டும் சரியில்லை. அதற்காகத் தண்டவாளத்தை உருவி எடுத்து, வெட்டிய ஸ்லீப்பர் கட்டைகளில் நானே பதிக்கிறேன். ஜோலார்பேட்டைப் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரு சிறிய ஸ்டேஷன்: இரண்டு லூப், ஒரு கூட்ஸ் சைடிங், கீழ் நோக்கிச் சாயும் கைகாட்டிகள். ஓவியம் கற்றுக்கொடுத்த அம்மா செம்மண்ணின் நிறத்துக்கு என் பழைய புகைப்படங்களை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இங்கிலாந்துப் பச்சைக்குப் பழகிய கண். ஆனாலும் கொண்டுவந்த முதல் மாதிரியிலேயே வேப்பமரத்து நிழலின் கருமையைச் சரியாகப் பிடித்திருந்தார்.

அக்டோபரில் எங்கள் சங்கக் கண்காட்சி. பெரிய லேஅவுட்டைப் பலகை பலகையாகக் கழற்றி வேனில் ஏற்றி, பள்ளிக்கூடக் கூடத்தில் மறுபடி பூட்ட வேண்டும். பலகைகள் சேரும் இடத்தில் அவற்றைப் பொருத்திப் பிடிக்கும் பித்தளை முளைகள் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும் தண்டவாளம் தண்டவாளத்தோடு சேராது. இரண்டு ஜோடி தேய்ந்திருக்கின்றன. அடுத்த செவ்வாய் அவற்றை மாற்ற வேண்டும். மாற்றியபின் அந்த இணைப்பின் இரு பக்கத்திலும் தண்டவாளத்தை எடுத்து மறுபடி பதிக்க வேண்டும். பையன் அயர்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பஸ் ஓட்டுநருக்கு அன்று மாலை ஷிஃப்ட் இருப்பதால், பலகையைத் தூக்கிப் பிடிக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும்.